“மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும்” என்று கிறிஸ்தவம் சொல்வதன் பொருள் என்ன?

மன்னாரிலோ முல்லைத்தீவிலோ கோயில் கலியாணத்துக்குப் போனவர்கள் பைபிளில் உள்ள எபேசியர் நிருபம் என்ற கடிதத்தின் 5ஆம் அதிகாரம் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். கணவன் மனைவிக்குத் தலை, மனைவி அவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது அது. இங்கே தலைமை என்பது குடும்பத்துக்காக முதலில் தன்னைக் கொடுக்கும் பொறுப்பு. அதிகாரம் செலுத்துவது அல்ல.

காரணமும் அங்கேயே இருக்கிறது. கிறிஸ்து திருச்சபைக்காக உயிரைக் கொடுத்ததுபோல கணவன் மனைவியை நேசிக்க வேண்டும் (5:25). மனைவிக்கென்று உள்ளவை மூன்றே வசனங்கள். கணவனுக்குச் சொன்னது அதைவிட நீளம். (வீட்டுச் சண்டையில் எடுத்து வீசப்படுவது என்னவோ அந்த மூன்றும்தான்!) இவற்றுக்கு முன்னால் 21ஆம் வசனம் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்கிறது. கணவனின் தலைமையை இன்றும் வலியுறுத்தும் சபைகள் உண்டு. ஆனால் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1988இல் எழுதிய மடலில் இந்தப் பணிவு இருவருக்கும் பொது என்றே விளக்கினார்.

குளத்துத் துருசின் திறப்பு ஒருவரிடம் இருக்கும். அதற்காகத் தன் வயலுக்கு மட்டும் தண்ணீர் விட முடியுமா? மாரியில் கட்டு உடைகிற மாதிரி இருந்தால் நடுச்சாமத்திலும் முதலில் ஓட வேண்டியவர் அவர்தான். கணவனின் தலைமையும் அப்படித்தான்.

போருக்குப் பிறகு வன்னியில் பெண்களே நடத்தும் குடும்பங்கள் ஏராளம். அவை குறைபட்ட குடும்பங்கள் என்று இந்த வாசகம் சொல்லவில்லை.

கீழ்ப்படிதல் என்றால் அடி உதையையும் பொறுத்துக்கொண்டு இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, துணையால் கடும் ஆபத்து வந்தால் பிரிந்து வாழக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1153 இடம் தருகிறது.