மேல்காற்றுக் காட்டில் பழமரமும் ஆடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாராபுரத்துக்குத் தெற்கே மூன்று ஏக்கர் செம்மண் காடு வாங்கியிருக்கிறோம். ஏறக்குறைய சதுரம், ஒரு பக்கம் 110 மீட்டர். போர்வெல் உண்டு, தண்ணீர் சுமார்தான். போன ஆடியில் 60 மா ஒட்டு, 60 கொய்யா, 40 எலுமிச்சை வைத்தோம். ஆவணி முடிவதற்குள் மாவில் பாதி போய்விட்டது. மண்ணில் ஈரம் இருந்தும் கன்று வாடுகிறது. எலுமிச்சையில் மேற்குப் பக்க இலைகள் மட்டும் ஓரம் கருகுகின்றன. பொட்டாஷ் போடச் சொன்னார்கள், போட்டும் மாற்றமில்லை. காற்றைத் தடுக்க மேற்கு எல்லையில் ஆறடிக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பிவிடலாமா? 10 வெள்ளாடும் இரண்டு காங்கேயம் மாடும் வாங்கி மரங்களுக்கு நடுவே மேயவிட்டால் களையும் அடங்கும், எருவும் கிடைக்கும் என்று நினைக்கிறோம். உங்கள் யோசனை என்ன?

அன்புடன்,
க. செ.

அன்புள்ள க. செ.,

சுவர் வேண்டாம். அந்தப் பணத்தைச் சொட்டுநீர்க் குழாய்க்கும் மரக்கன்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, சுவர் தாண்டியதும் சுழன்று கீழே விழும். சுவரை ஒட்டிய சில அடிகள் அமைதியாக இருக்கும், அதற்கு அப்பால் இருக்கும் கன்றுகளை அந்தச் சுழல் முறுக்கும். காற்றில் பாதியை உள்ளே விட்டு, மீதியைத் தடுக்கும் வேலிதான் நல்ல வேலி. தன் உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம் வரை அது கணிசமாகக் காக்கும். அதற்கு மேல் 15, 20 மடங்கு வரை பலன் இருந்தாலும் குறைந்துகொண்டே போகும்.

உங்கள் பகுதியில் வீசும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. வைகாசிக் கடைசியில் பிடித்தால் புரட்டாசி முதல் வாரம் வரை விடாது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இங்கே வறண்டு வருகிறது. இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே செடியை ஆட்டுகிறது. ஆடிப்பட்டம் விதைக்கும் பயிருக்குப் பொருந்தும். ஒட்டுக்கன்றுக்கு, அதுவும் இந்தக் காற்றுப் பாதையில், பொருந்தாது. புரட்டாசி பாதிக்கு மேல் கார்த்திகைக்குள் நடுங்கள். வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கும், அடுத்த மேல்காற்றுக்கு முன் வேர் பிடிக்க ஆறேழு மாதமும் கிடைக்கும்.

ஈரம் இருந்தும் வாடும் கன்றின் அடியை உட்கார்ந்து பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் புனல்போல ஒரு குழி விழுந்திருக்கும், ஒரு விரல் உள்ளே போகும். தண்டு ஆடி ஆடித் தோண்டிய குழி அது. அதற்குள் காற்றுப் புகுந்து வேர் காய்கிறது, புதிதாக விடும் நூல்வேர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் அறுகின்றன. இன்னும் தண்ணீர் விட்டால் அழுகல்தான் வரும். பொடிமண் போட்டுக் குழியை நிரப்பி, குதிகாலால் சுற்றிலும் மிதித்து இறுக்கிவிட்டு முட்டுக் கொடுங்கள். காற்றுக் காலம் முழுவதும் வாரம் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும்.

முட்டுக் கொடுப்பதிலும் பெரும்பாலானவர்கள் கன்றை ஒரே குச்சியோடு உச்சி வரை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அசையாத தண்டு பருக்காது, குச்சியை எடுத்த அன்றே சாயும். கன்றுக்கு வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என ஓரடி தள்ளி இரண்டு குச்சி ஊன்றுங்கள். கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், பழைய சைக்கிள் டியூப் பட்டையை எட்டுப்போல வளைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். அடி நிலைக்க வேண்டும், தலை ஆட வேண்டும். நைலான் கயிறும் கட்டுக்கம்பியும் பட்டையை அறுக்கும். ஒட்டுக்கட்டு மண்ணுக்கு மேல் அரையடி இருக்கட்டும். அங்கே சுற்றிய பிளாஸ்டிக் பட்டையை மூன்று நான்கு மாதத்தில் பிரிக்காவிட்டால் கழுத்தை நெரித்து, காற்றில் சரியாக அந்த இடத்திலேயே ஒடியும்.

பைக்குள் வட்டமாகச் சுருண்ட வேரை நடும்போதே கத்தரித்துவிடுங்கள். அதை அப்படியே நட்டால் மரம் நன்றாக வளர்ந்து, ஐந்தாறு வருடம் கழித்து ஒரு ஆடியில் வேரோடு புரளும். சொட்டுவானைத் தண்டின் அருகே ஒரே பக்கம் விட்டுவைப்பதாலும் இதே கதிதான். காற்று வரும் பக்கத்து வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கிறது, அந்தப் பக்கம் ஈரம் இல்லாவிட்டால் அங்கே வேர் ஓடாது. மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என இரண்டு சொட்டுவான் வையுங்கள். முதல் வருடம் தண்டிலிருந்து ஓரடி, பிறகு இரண்டடி, மூன்றடி என்று தள்ளிக்கொண்டே போங்கள். மூடாக்குக்குச் சருகு போட்டால் பறந்துவிடும். தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் நிற்கும்.

எலுமிச்சை இலைக் கருகலுக்குப் பொட்டாஷ் குறைவு காரணமல்ல. சத்துக் குறையோ உப்போ என்றால் மரம் முழுக்க, முக்கியமாக முற்றிய இலைகளில் தெரியும். காற்று வரும் பக்கத்து இலை மட்டும் கருகினால் அது காற்றுதான். இதைவிடக் கவலைப்பட வேண்டியது சொறிநோய். முள் கிழித்த இலைக் காயத்தில் மழைச்சாரலோடு அந்தப் பாக்டீரியா நுழைகிறது. ஐப்பசி மழைக்கு முன் சொறி கண்ட கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளியுங்கள். எலுமிச்சையைத் தோட்டத்தின் நடுவில், நல்ல மறைவில் வைப்பதே நிரந்தர வழி.

இனி வேலி. மேற்கு எல்லை நெடுக வடக்கு தெற்காக மூன்று வரிசை வையுங்கள். முனைகளைச் சுற்றிக் காற்று வேகமெடுக்கும் என்பதால் தெற்குப் பக்கமும் கொஞ்ச தூரம் திருப்பி நடுங்கள். எல்லையில் முதலில் கிளுவை. குச்சியை நெருக்கி நட்டாலே துளிர்க்கும், ஆடு மாடு நுழையாது. உங்கள் ஊர்க் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது அதுதான். அதற்கு உட்புறம் சவுக்கு, ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. காற்றுத்தடுப்புக்கென்றே தேர்ந்த சவுக்கு ரகங்களைக் கோவை வன மரபியல் நிறுவனம் கொடுத்திருக்கிறது, அவற்றைக் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு வருடம் இதற்கும் சொட்டுநீர் வேண்டும். மூன்றாவது வரிசையில் வேம்பும் புங்கனும் மூன்று மீட்டருக்கு ஒன்று, இரண்டு சவுக்குக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு நேராக. சவுக்கு வயதாக ஆக அடிக்கிளை காய்ந்து, கீழே சந்து விழும். அதன் வழியே காற்று பாயாமல் அடைப்பது கிளுவையின் வேலை. அகத்தியையும் மலைவேம்பையும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், ஒடியும். அகத்தி உள்ளே, தீவனத்துக்கு இருக்கட்டும்.

வேலி மரத்திலிருந்து ஆறு மீட்டர் விட்டுப் பழமரம் வையுங்கள், நடுவில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் வேர் திருடாது. மரம் 8 மீட்டர் உயர்ந்தால் 80 மீட்டர் வரை காக்கும், உங்களுக்கு 110 வேண்டும். ஆகவே 60 மீட்டரில் சூபாபுல், கிளைரிசிடியா கலந்து இன்னொரு வரிசை. அது தீவனமும் ஆகும். இவை எழும்பும்வரை 50 சதவீத நிழல்வலையை ஆறடி உயரத்தில், இரண்டரை மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டு, பிழைத்த கன்றுகளுக்கும், செத்த கன்றுக்குப் பதில் வைக்கப்போகும் வரிசைகளுக்கும் மேற்கே கட்டலாம்.

மேற்குப் பாதியில் சப்போட்டா, ஒட்டு இலந்தை, கொய்யா. மூன்றும் காற்றைத் தாங்கும். மாவில் நீலம் வேண்டாம். அது ஆனி, ஆடி வரை மரத்தில் தொங்கும், மேல்காற்று உதிர்த்துவிடும். பங்கனப்பள்ளியும் செந்தூராவும் காற்றுக்கு முன் வெட்டி முடித்துவிடக் கூடியவை. கன்றை இரண்டரை அடியில் நுனி வெட்டி, திசைக்கொன்றாக மூன்று நான்கு கிளை விட்டுக் குட்டையாக வளருங்கள்.

குட்டையாக வளர்த்தால் வெள்ளாட்டை உள்ளே விட முடியாது. பின்னங்காலில் நின்றால் ஐந்தடி வரை அதற்கு எட்டும், கொழுந்து தீர்ந்தால் பட்டையை உரிக்கும். பட்டை சுற்றிலும் போன மரம் பிழைக்காது. வெள்ளாடு என்றால் கொட்டிலில் கட்டி வெட்டிப் போடுவதுதான். 10 ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிலோ பசுந்தீவனம் வேண்டும். 25 சென்ட்டில் பாதி கோ-4 என்னும் கம்பு நேப்பியர் புல், பாதி கோ.எப்.எஸ். 29 என்னும் தீவனச் சோளம் போடுங்கள். சூபாபுல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தண்ணீர் இல்லாமல் குன்றிய இளஞ்சோளத்தில் சயனைடு நச்சு இருக்கும், சில நிமிடங்களில் ஆடு மாடு விழும். அந்தச் சோளத்தை 65, 70 நாளுக்கு முன் வெட்டாதீர்கள், வாடிய தாளில் மேய விடாதீர்கள்.

மரங்களுக்கு நடுவே மேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் மேச்சேரிச் செம்மறி சரி. அதுவும் மரத்துக்கு நான்கு வயதான பிறகு, புல் பச்சையாக இருக்கும் மாதங்களில். கோடையில் அதுவும் பட்டைக்கு வரும். முக்கியமான எச்சரிக்கை: மேலே சொன்ன தாமிர மருந்து தெளித்த எலுமிச்சைக்குக் கீழ் செம்மறியை விடவே கூடாது. வெள்ளாடும் மாடும் தாங்கும் அளவைச் செம்மறி தாங்காது. தாமிரம் கல்லீரலில் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் சிறுநீர் சிவந்து செத்துப்போகும். காங்கேயம் மாடுகளுக்கு ஒரு மூலையில் அரை ஏக்கர் கொழுக்கட்டைப் புல்லும் இரண்டு வெள்வேல் மரமும் ஒதுக்குங்கள். அது முழுத்தீவனம் ஆகாது, சோளத்தட்டு வாங்கி வைக்க வேண்டும்.

கொட்டகை கிழக்கு எல்லையோரம் இருக்கட்டும். நாற்றமும் ஈயும் காற்றோடு வெளியே போகும். ஆட்டுக்கு 15 சதுர அடி வீதம் 10க்கு 15 அடி, நீளம் கிழக்கு மேற்காக. அப்போது குறுகிய முகம்தான் காற்றைப் பார்க்கும். மேற்குச் சுவரை நாலடி வரை மூடுங்கள். தகரம் மேற்கே ஓரடிக்கு மேல் நீட்டினால் காற்று அடியில் புகுந்து பெயர்த்துவிடும், அந்த ஓரத்தில் ஜே போல்ட்டை நெருக்கிப் போடுங்கள். பரண் தரை, அதாவது சட்டம் அடித்து உயர்த்திய தரை, போட்டால் அதன் அடிப்பகுதியில் மேற்குப் பக்கத்தைச் சாக்கோ கீற்றோ கொண்டு மூட வேண்டும். திறந்து விட்டால் சட்டச் சந்து வழியே கீழிருந்து குளிர்காற்று ஏறி, குட்டிகள் சளிபிடித்துச் சாகும்.

இந்தப் புரட்டாசியில் வேலி மரமும் தீவனப் புல்லும் வையுங்கள், பிழைத்த கன்றுகளுக்கு வலை கட்டுங்கள். புதுப் பழக்கன்று அடுத்த புரட்டாசிக்கு. தீவனம் இரண்டு அறுப்பு கண்ட பிறகு ஆடு வாங்கப் போகலாம். வாங்கும்போது ஒரே பட்டியிலிருந்து வாங்குங்கள், மழைக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

அன்புடன்