மூன்று மணிக்கு மனசு சொல்வதை நம்பாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தூக்கத்தைப் பற்றியவை. இல்லையென்றால், தனக்குத் தானே பேசிக்கொள்ளும் கசப்பான பேச்சைப் பற்றியவை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. அதனால் நான்கு கடிதங்களை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

*

வணக்கம் அக்கா. எனக்கு 38 வயது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். ஆனால் இரண்டே முக்கால், மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் சீட்டுப் பணம், பையனுடைய ஃபீஸ், மாமியாரிடம் வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தை என்று ஒவ்வொன்றாக வரும். "நினைக்காதே, தூங்கு" என்று எனக்கு நானே சொன்னாலும் நிற்பதில்லை. காலையில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன். நான்தான் மோசமான பொம்பளையோ என்று தோன்றுகிறது.
– வாசகி, ஈரோடு

அந்தக் கடைசி வரியை முதலில் அடித்துவிடுங்கள். நாலு ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்காவிட்டால் யாருக்குமே கோபம் மூக்கு நுனியில்தான் நிற்கும். அதை வைத்து உங்கள் குணத்துக்கு மார்க் போட வேண்டாம்.

நடுராத்திரி விழிப்பு வருவதே நோய் இல்லை. தூக்கம் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நடக்கிறது, ஒரு சுற்று முடியும் இடத்தில் நாம் எல்லோருமே லேசாக மேலே வந்து மறுபடி உள்ளே போகிறோம். ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி முன்னிரவிலேயே முடிந்துவிடுவதால் மூன்று மணிக்கு மேல் தூக்கம் மெல்லியதாக இருக்கும், ஒரு சின்னச் சத்தம் போதும். விழித்த அந்த நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். நீங்கள் மணி பார்க்கிறீர்கள். "ஐயோ, இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கு" என்று கணக்குப் போடுகிறீர்கள் (கணக்கு எழுதுகிறவர் அல்லவா, கை தானாகப் போகும்). அங்கே போகிறது தூக்கம்.

"நினைக்காதே" என்று அதட்டுவதும் உதவாது. குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில் கிட்டத்தட்ட அதையே செய்து பார்த்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்று சொல்லி ஆட்களை உட்கார வைத்தார். மணிச் சத்தம் ஓயவே இல்லை. நினைப்பைத் துரத்தினால் அது திரும்பி வரத்தான் செய்யும், அதற்கு உட்கார ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

அந்த இடம் ஒரு நோட்டு. படுக்கப் போவதற்கு முன் ஐந்தே நிமிடம், நாளைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். "பணப் பிரச்சினை" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. "காலை 11 மணிக்குச் சீட்டு நடத்துகிறவரிடம் பேசி 10-ம் தேதி வரை டைம் கேட்க வேண்டும்" என்று எழுதுங்கள். டெக்சாஸில் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து இதை அளந்து பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். நாளைய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது.

எனக்கும் அம்மா படுக்கையில் இருந்த வருஷத்தில் இதே மூன்று மணி விழிப்பு இருந்தது. மருந்து தீர்ந்துவிட்டதா, நாளைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஓடும். அடுப்படி அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும், நூல் கட்டிய பேனாவும் வைத்திருந்தேன். பாத்திரம் கழுவிய ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே எழுதுவேன். பத்துப் பதினைந்து நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி விழித்தபோது "அதைத்தான் எழுதியாச்சே" என்று மனசு தானாகச் சொன்னது. எனக்கு அந்தக் குரல் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்தது, கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள், ஃபோனைக் கூடத்தில் சார்ஜ் போடுங்கள். விழித்து இருபது நிமிடம் போல ஆகிவிட்டது என்று தோன்றினால் (மணி பார்க்காமல்தான்) எழுந்து வேறு இடத்தில் மங்கிய விளக்கில் உட்காருங்கள். அவரைக்காய் நார் உரிக்கலாம், துணி மடிக்கலாம். கண் சொருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். காலையில் எப்போதும் எழும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972-ல் வகுத்த முறை இது. படுக்கை என்றால் கவலைப்படும் இடம் என்று உடம்பு பழகிப்போனதை மாற்றுவதுதான் நோக்கம். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

மாமியாரிடம் சொன்ன வார்த்தை மனசை அறுத்தால் பகலில் ஒரு வரி பேசித் தீர்த்துவிடுங்கள். மூன்று மணிக்கு எடுக்கிற எந்த முடிவையும் காலை காபிக்கு முன்னால் நம்பாதீர்கள். இருட்டில், தனியாக, களைப்பில் இருக்கும் மனசு எல்லாவற்றையும் பெரிதாக்கித்தான் காட்டும்.

வாரத்துக்கு மூன்று ராத்திரி வீதம் மூன்று மாதத்துக்கு மேல் இது நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். தூக்கமின்மைக்கான பேச்சுவழிச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

*

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டீ குடித்தால் தூக்கம் கெடுமா? எனக்கு டீ குடித்தும் தூக்கம் வருகிறதே?
– வாசகர், தென்காசி

பலருக்கும் கெடும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது, தூக்கக் கிறக்கம் அதனால்தான். டீயில் இருக்கும் காஃபின், அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. அதாவது ஆறு மணி டீயில் பாதி, பதினோரு மணிக்கும் உங்கள் உடம்பில் இருக்கிறது. தூக்கம் வந்தாலும் அதன் ஆழம் குறையலாம். இரண்டு வாரம் மதியம் இரண்டு மணிக்கு மேல் நிறுத்திப் பாருங்கள், உங்கள் காலைப்பொழுதே பதில் சொல்லும்.

*

வயது 46. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்குகிறேன், ஆனாலும் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுகிறேன். வீட்டிலும் வேலையிலும் சோம்பேறி என்கிறார்கள். எனக்கே அப்படித்தான் தோன்ற ஆரம்பித்துவிட்டது. குறட்டையும் உண்டு, நடுவில் மூச்சுத் திணறி எழுகிறேன் என்று மனைவி சொல்கிறாள். மனசைத் திடப்படுத்த வழி சொல்லுங்கள்.
– வாசகர், நாமக்கல்

உங்களுக்கு மனப் பயிற்சி எதுவும் சொல்லப் போவதில்லை. இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகல் தூக்கம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழல் அடைபடுகிறது, மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது. ஒரு மணி நேரத்தில் பல தடவை இப்படி நடந்தாலும் காலையில் ஒன்றுகூட நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தீர்கள், ஆனால் உடம்புக்குத் தூக்கம் கிடைக்கவில்லை. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தமும் ஏறும்.

ஸ்லீப் ஸ்டடி என்று ஒரு ராத்திரிப் பரிசோதனை இருக்கிறது. நுரையீரல் அல்லது காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள், நீங்கள் தூங்கும்போது நடப்பது அவருக்குத்தான் தெரியும். நோய் உறுதியானால் மூக்கில் மாட்டிக்கொள்ளும் காற்றழுத்தக் கருவி பலருக்கு நல்ல பலன் தருகிறது. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் உலகுக்குச் சொன்ன சிகிச்சை அது. தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் அப்படியே பார்த்துவிடுங்கள். அதுவரை தூக்கம் சொக்கும்போது வண்டியைத் தொடாதீர்கள்.

சோம்பேறி என்ற சொல்லை வீட்டில் இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இத்தனை களைப்போடு தினமும் வேலைக்குப் போய் வருகிறவர் நீங்கள்.

*

அக்கா, குரூப் 4 இரண்டு தடவை எழுதிவிட்டேன், இரண்டு தடவையும் போய்விட்டது. புத்தகத்தைத் திறந்தாலே "உனக்கு எதுவும் வராது, நீ ஒரு தண்டம்" என்று உள்ளே ஒரு குரல். "என்னால் முடியும்" என்று நூறு தடவை எழுதிப் பார்த்தேன், எனக்கே பொய்யாகத் தெரிகிறது. ராத்திரி இரண்டு மணி வரை கண் விழித்துப் படிக்கிறேன்.
– தம்பி, விருத்தாசலம்

தம்பி, பொய்யாகத் தெரிவதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம், மனசு அதை ஏற்காது. உண்மையாக இருக்கிற ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிப்போம்.

"எதுவும் வராது" என்கிறீர்கள். 200 கேள்விகளில் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. போன தேர்வின் விடைத்தாளை எடுத்து, விடைக்குறிப்போடு வைத்து எண்ணுங்கள். எந்தப் பகுதியில் எத்தனை தவறு? பெரும்பாலும் "தனிவட்டி, கூட்டுவட்டி, ஆள்-நாள் கணக்கு மூன்றிலும் தடுமாறுகிறேன்" என்பது மாதிரி ஒரு வரி கிடைக்கும். அது கசப்பாக இருக்கலாம், ஆனால் உண்மை, அதை வைத்து நாளைக் காலை என்ன செய்வது என்று தெரியும். "தண்டம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

இன்னொன்று, உங்களோடு பேசும்போது "நான்" என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான வேலைக்கு முன் பெயர் சொல்லித் தனக்குத் தானே பேசியவர்கள் "நான், எனக்கு" என்று பேசியவர்களைவிட நிதானமாக இருந்தார்கள். பெயர் சொன்னதும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. தோற்றுப்போன நண்பன் ஒருவன் உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் அவனைத் தண்டம் என்றா சொல்வீர்கள்? "சரி விடுடா, எந்தக் கணக்கு வரலை, காட்டு" என்பீர்கள். அதே தொனியில் உங்கள் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

இரண்டு மணி வரை படிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். படித்ததை மூளை எடுத்து அடுக்கிவைப்பதே தூக்கத்தில்தான், அதை வெட்டினால் படித்ததில் ஒரு பங்கு வீணாகிறது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து உட்காருங்கள். விடிந்ததும் மொட்டை மாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். காலை வெளிச்சம் உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது மாதிரி.

அந்தக் குரல் என்றைக்காவது "இருந்து என்ன பிரயோசனம்" என்கிற அளவுக்குப் போனால் ஒரு நிமிடமும் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416-க்கு ஃபோன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இன்று ராத்திரி புத்தகத்தை மூடிவிட்டு விடைத்தாளை மட்டும் மேசை மேல் எடுத்து வையுங்கள். காலையில் எண்ணிப் பார்த்துவிட்டு, எந்த வரி கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள் தம்பி.