வீட்டு முறைச் சாப்பாடு – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை இரவு ஓமலூர் வந்தால், திங்கள் விடிவதற்குள் பஸ் ஏறிவிட வேண்டும். பையனுக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது என் கையால் ஆக்கிப் போடலாம் என்று ஆசை. அவனோ பாக்கெட் நூடுல்ஸ்தான் கேட்கிறான். உங்கள் மெஸ்ஸில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன். வாசலில் 'வீட்டு முறைச் சாப்பாடு' என்று போர்டு பார்த்தேன். உங்கள் வீட்டில் என்னதான் சமைப்பீர்கள்? உங்கள் பிள்ளைகள் என்ன சாப்பிட்டு வளர்ந்தார்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த போர்டு. அதில் பாதி பொய். அறுபது பேருக்கு வைக்கிற சாம்பார் எந்த வீட்டிலும் கிடையாது. கடைச் சாம்பார் நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். புளி ஒரு பொட்டு தூக்கலாக இருந்தால், காசு கொடுக்கும்போதே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போவார்கள். பத்து வருடம் அந்தப் பயத்திலேயே சமைத்தால் கை அதற்கே பழகிவிடும்.

என் அப்பா அம்மாபேட்டையில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போட்டவர். சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு தட்டுவடை. நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். மேலும் கீழும் பச்சைச் சட்னி, காரச் சட்னி. முழுசாக வாயில் போட்டுவிட வேண்டும், கடித்துச் சாப்பிட்டால் சட்டை போச்சு. சாயங்காலம் வண்டி நிற்கும்போதே நானும் தங்கச்சியும் போய் நிற்போம். ஆனால் போணி ஆகாமல் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும் முதல் செட் காசு கொடுக்கிறவருக்குத்தான். தறிச் சத்தம் நின்று யாராவது ஒரு நெசவாளி வெளியே வரமாட்டாரா என்று தெருவையே பார்த்துக்கொண்டு நிற்போம். ஒருவர் வந்து மடித்த ரூபாயை நீட்டினால் அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எங்களுக்கு அதற்கப்புறம்தான்.

எனக்கு அது தப்பாகவே படவில்லை. நான் மெஸ் வைத்தபோதும் அதே வழிதான். வாடிக்கையாளர் முன்னே, வீடு பின்னே. ராத்திரி பத்தரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, மிஞ்சிய சாம்பாரையும் பொரியலையும் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போவேன். வீட்டில் மறுநாள் காலைக்கும் அதுதான். மனைவி ஒன்றும் சொன்னதில்லை. சொல்லவில்லையே தவிர, சந்தோஷமாக இருந்தாள் என்று இப்போது எழுதினால் அதுவும் அந்த போர்டு மாதிரிதான்.

இரண்டாவது பிரசவத்துக்கு மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாமியார் அங்கே துணைக்கு. மெஸ்ஸுக்கு மூன்று நாள் லீவு விட்டேன். வீட்டில் நானும் ஐந்து வயது மகளும். அன்றைக்குத்தான் தெரிந்தது, எனக்கு இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாது. படிக் கணக்கில் அரிசி போட்டவனுக்கு ஆழாக்கு பிடிபடவில்லை. அண்டாவுக்குக் கை நிறைய உப்பை அள்ளிப் போடுகிறவன், சின்னக் குக்கருக்கு முன்னால் மூன்று விரலில் உப்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தபடி நின்றேன். யோசித்தும் பிரயோஜனமில்லை. அரிசியும்பருப்பும் சாதம் கரித்தது.

அவள் தயிரை ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். தட்டைக் காலி பண்ணிவிட்டு, "இது மெஸ்ஸுல மிச்சமானது இல்லதானேப்பா?" என்றாள்.

இல்லை சாமி, உனக்குச் செய்ததுதான் என்றேன். "அப்ப நாளைக்கும் செய்யுங்க."

மறுநாள் பயத்தில் உப்பு குறைந்து சாதம் சப்பென்று போனது. மூன்றாம் நாள்தான் ஒருவழியாகச் சரியாக வந்தது. அதிலிருந்து மெஸ்ஸுக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டில் அடுப்பு என்னுடையது. இப்போது அவள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். சின்னவன் பத்தாவது.

நூடுல்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதோடு சண்டைக்குப் போகாதீர்கள். தட்டுவடை செட்டில் வளர்ந்த நான் யாருக்கு உபதேசம் சொல்வது? வாரத்தில் ஒரு நாள் வருகிற அப்பா, வந்ததும் வராததுமாக அவனுக்குப் பிடித்ததைப் பிடுங்கினால் உங்கள் சாதத்தின் மேல்தான் அவன் கோபம் திரும்பும். சாயங்காலம் தின்றுவிட்டுப் போகட்டும். மதியத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்கு துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். கடலெண்ணெயில் கடுகு, சீரகம், ஒரே ஒரு வரமிளகாய், நான்கு பல் பூண்டு, கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு தக்காளி. மஞ்சள்தூள். நாலு ஆழாக்கு தண்ணீர், மூன்று விசில். குழைந்துதான் இருக்க வேண்டும், உதிரி உதிரியாக வந்தால் அது வேறு ஏதோ. உப்பை மட்டும் தண்ணீரிலேயே ருசி பார்த்துவிடுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை. மேலே நெய், பக்கத்தில் தயிர், சுட்ட அப்பளம்.

காய்ச்சல் நாளில் ஜவ்வரிசிக் கஞ்சி. நம்மூர்க் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருவதுதான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தபோது, கஞ்சி காய்ச்சியே வளர்ந்த எங்கள் தெருக் கிழவிகள் அதை ஒரு செய்தியாகவே மதிக்கவில்லை.

அப்புறம், வெங்காயம் உரிக்கிற வேலையைப் பையனிடம் கொடுங்கள். முன்கூட்டியே தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் அவ்வளவாக எரியாது. மெஸ்ஸில் நாங்கள் ராத்திரியே ஊறப்போட்டுவிடுவோம். முதல் ஞாயிறு பாதி வெங்காயம் தோலோடுதான் குக்கருக்குள் போகும். நீங்கள் திருத்தி உரிக்காதீர்கள். தோலைத் தட்டோரம் ஒதுக்கிக்கொள்ள அவனுக்கே தெரியும்.