டிஎன்ஏ சோதனையால் தேவிகுளம் யாருடையது என்று சொல்ல முடியுமா?

"டிஎன்ஏ சோதனை செய்தால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் மண் என்று நிரூபித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. இதைச் சொல்லும் நானும் அந்தப் பக்கத்து மூணாறில், எஸ்டேட் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன்தான்.

உங்கள் எச்சிலில் உள்ள டிஎன்ஏவைச் சோதனை நிறுவனத்தார் தங்களிடம் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டு, எந்தக் கூட்டத்தோடு நெருக்கம் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். என் சித்தப்பா மகனுக்கு வந்த அறிக்கையில் 'தென்னிந்தியா' என்று பெரிய வட்டம்; குமுளி செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டுமே அதற்குள் கிடந்தன.

ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிகத் தளமான ராக்கிகடி பற்றி 2019-இல் வெளியான ஆய்வில், அங்கே புதைக்கப்பட்ட பெண்ணிடம் ஸ்டெப்பி (யூரேசியப் புல்வெளி மக்களின்) கலப்பு இல்லை என்றதும், 'சிந்துவெளி நம்முடையது' என்று பலர் குதித்தார்கள். சரி, அந்த வம்சாவளி மலையாளி, தெலுங்கர், பஞ்சாபி எல்லாரிடமும்தானே இருக்கிறது? அவர் என்ன மொழி பேசினார் என்று எலும்பு சொல்லாது.

எல்லையைப் போட்டது மொழிக் கணக்கும் அரசியலும். 1956-இல் செங்கோட்டை தமிழகத்துக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. இங்குள்ள தமிழர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்பது மாநில மறுசீரமைப்பு ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்குச் சண்டை அந்த வார்த்தையோடுதான். நாலு தலைமுறையாக நாங்கள் எங்கே போனோம்?