மாமாவின் என்-கேஜைத் தூக்கி எறியாதீர்கள்

வணக்கம் நண்பரே. பரணில் கிடந்த மாமாவின் நோக்கியா என்-கேஜ் என்ற கேம் விளையாடும் போன் ஆன் ஆகவில்லை, பேட்டரி உப்பியிருக்கிறது, கேம் கார்டு போடும் இடமும் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்தப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சார்ஜ் போடவே கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது. அது பிஎல்-5சி, நோக்கியா 1100-க்குப் போடும் அதே பேட்டரிதான். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் செல்போன் கடைகளில் கேளுங்கள். எனக்குத் தருமபுரி பஸ் ஸ்டாண்ட் அருகில் கிடைத்தது. சார்ஜர் பழைய தடித்த பின்.

கார்டு பேட்டரிக்கு அடியில் போகிறது. ஆமாம், கேமை மாற்ற ஒவ்வொரு முறையும் போனை அணைத்து, பின்மூடியைத் திறந்து, பேட்டரியை எடுக்க வேண்டும்! 2003-ல் வந்த இந்த அருமையான கருவி விலைபோகாததற்கு இதுவும் ஒரு காரணம். போனின் விளிம்பைக் காதில் வைத்துப் பேச வேண்டியிருந்தது இன்னொன்று. மறு ஆண்டு வந்த என்-கேஜ் கியூடி மாடலில் இரண்டையும் சரிசெய்தார்கள்.

கார்டின் பொன்னிறத் தகடுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள். அது எம்எம்சி என்ற பழைய வகை மெமரி கார்டு. எஸ்டி கார்டு அதைவிடத் தடிமன், திணிக்காதீர்கள். அப்புறம், ஒரு சிம்மும் போடுங்கள். ரீசார்ஜ் தீர்ந்த பழைய சிம் போதும். ஆன் ஆனால் என்ன கேம் என்று கட்டாயம் சொல்லுங்கள்.