கடவுள் என்றாலே நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்று கிறிஸ்தவம் சொல்கிறதா?

வல்லமை இருந்தால் போதுமா, கடவுள் நல்லவராகவும் இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'அப்படியெல்லாம் கேட்கக் கூடாது' என்று யாரோ உங்கள் வாயை அடைத்திருப்பார்கள். என் வாயையும் அடைத்தார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பி 19 வயதில் இறந்தான். அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் வேதபாட வகுப்பில், "தேவன் நல்லவர் என்றால் இது எப்படி நல்லது?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு எடுத்தவர், "அவர் எது செய்தாலும் அதுதான் நல்லது, அவரை அளக்க நீ யார்?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எது செய்தாலும் நல்லதுதான் என்றால், 'நல்லவர்' என்று பாடுவதற்கு என்ன பொருள்? 'வல்லவர்' என்பதையே வேறு சொல்லில் சொல்கிறோம், அவ்வளவுதானே? பிசாசுக்கும் வல்லமை உண்டு, அதற்காக யாரும் அவனை வணங்குவதில்லை.

அப்புறம் வருடக்கணக்கில் தேடிப் படித்தேன். அந்த வகுப்பில் சொன்னது கிறிஸ்தவத்தில் ஒரு தரப்பு மட்டும்தான். 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து இறையியலாளர் ஓக்காம் வில்லியம் அந்தப் பக்கம் சாய்ந்தவர். அவருக்கு முந்தைய நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் என்ற கத்தோலிக்க இறையியலாளர் வேறு மாதிரி சொல்லியிருந்தார்: நன்மை என்பது கடவுளுக்கு மேலே நிற்கும் சட்டமும் இல்லை, அவர் இஷ்டத்துக்கு மாற்றும் உத்தரவும் இல்லை, அது அவருடைய இயல்பே. 2ஆம் நூற்றாண்டில் மார்சியன் என்ற கிறிஸ்தவப் போதகர், உலகத்தைப் படைத்த கடவுள் வேறு, இயேசு சொன்ன நல்ல தந்தை வேறு என்று இரண்டாகப் பிரித்தபோது, ரோம் சபை அவரை விலக்கியது. படைத்தவரும் நல்லவரும் ஒருவரே என்பதில் சபை அவ்வளவு உறுதியாக இருந்தது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பெரும்பான்மை மரபின் பதில், ஆமாம், கடவுளையும் நன்மையையும் பிரிக்க முடியாது.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை. பைபிளில் ரோமர் 9இல், களிமண் குயவனைக் கேள்வி கேட்க முடியாது, அதுபோல மனிதன் கடவுளைக் கேட்க முடியாது என்று வருவதை யாராவது எடுத்துக்காட்டுவார்கள், தெரியும். அதையும் படித்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் ஆதியாகமம் 18இல், சோதோம் நகரம் அழியப் போகிறது என்று தெரிந்ததும் ஆபிரகாம், நீதிமானைத் துன்மார்க்கனோடு சேர்த்து அழிப்பது உமக்குத் தகுமா என்று நேருக்கு நேராகவே கேட்கிறான், 50 நீதிமான்கள் இருந்தால் நகரை விட்டுவிடுவீரா என்று தொடங்கி 10 பேர் வரை பேரம் பேசுகிறான். கடவுள் அவனைத் திட்டவில்லை.

 

பிள்ளைகளை இழந்து கடவுளிடமே நியாயம் கேட்ட யோபுவின் கதையில், யோபு 42:7ஐப் படியுங்கள். கடவுளுக்காக வரிந்து கட்டி வாதாடிய நண்பர்கள்மேல்தான் அவருக்குக் கோபம் வருகிறது. யோபு சரியாகப் பேசினான் என்கிறார். தன் பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று யோபுவுக்கும் கடைசிவரை சொல்லப்படவில்லை.