ஷேவ் பண்ணும்போதெல்லாம் ரத்தம் வரும் அந்த ஒரே இடம்

கேள்வி: எனக்கு 61 வயது, மலேசியாவில் பட்டர்வொர்த். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவன். இனிப்பு நீருக்கு மாத்திரையும், நெஞ்சு டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன். ஐந்து பிளேடு ரேஸரில் ஷேவ் செய்தால் கழுத்து முழுக்கக் குருவும் கறுப்புத் தழும்புமாக வருகிறது. பழைய மாதிரி சேஃப்டி ரேஸருக்கு மாறச் சொல்கிறான் மகன். எதை வாங்கலாம்? பார்பர் கடை பிளேடில் எய்ட்ஸ் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, உண்மையா? இன்னொன்று, வலது காதுக்கு முன்னால் ஓர் இடம் ஒவ்வொரு தடவையும் வெட்டுப்பட்டு ரத்தம் வருகிறது. நாலு மாதமாக ஆறவில்லை. உறவுக்காரர் ஊரிலிருந்து கொண்டுவந்த க்ரீமைப் போடுகிறேன். கூகுளில் தேடினேன், படங்களைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். வெட்டாத ரேஸராக ஒன்று சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: "இன்னொன்று" என்று போட்டுக் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே ஐயா, அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ரேஸர் வெட்டிய காயம் முகத்தில் நாலு மாதம் இருக்காது. முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம். சாதாரணக் கீறல் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாளில் மூடிக்கொள்ளும். இனிப்பு நீர் இருப்பதால்தான் ஆறவில்லை என்று நீங்களே ஒரு சமாதானம் வைத்திருப்பீர்கள். காலில் புண் என்றால் நானும் முதலில் சர்க்கரை அளவைத்தான் கேட்பேன். முகத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. ஆஸ்பிரினும் காரணமில்லை. அதனால் ரத்தம் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கசியும், அவ்வளவுதான். அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்குக் கொடுத்தது.

ஒரே இடம், பொருக்கு கட்டுகிறது, ஆறிவிட்டது என்று நினைக்கும்போது பொருக்கு விழுகிறது, மறுபடி ரத்தம். இப்படி என்றால் அந்தப் புண்ணை ரேஸர் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே அங்கே இருக்கிற ஏதோ ஒன்றில் ரேஸர் இடறுகிறது. உலகத்திலேயே விலை கூடிய ரேஸரை வாங்கினாலும் இடறத்தான் செய்யும்.

அந்த ஏதோ ஒன்று என்ன? நீங்கள் கூகுளை மூடி வைத்த காரணம் எனக்குத் தெரியும், அதனால் சுற்றி வளைக்கவில்லை. பேசல் செல் கார்சினோமா என்று ஒரு தோல் புற்றுநோய் உண்டு. "ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கொண்டேன், ஆறவே மாட்டேன் என்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. நம் நிறத் தோலில் அது வெள்ளைக்காரர்களுக்கு வருவதைவிட மிகவும் குறைவு. ரத்தக்குழாய்கள் திரண்ட ஒரு சின்னச் சதை வளர்ச்சியாக இருக்கலாம், உரசி உரசிப் புண்ணான ஒரு மருவாக இருக்கலாம். வெறும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல என்னாலும் முடியாது, கூகுளாலும் முடியாது.

அது புற்றுநோயாகவே இருந்தாலும், நீங்கள் மனதில் வைத்திருக்கிற புற்றுநோய் மாதிரி அல்ல. மிக மெதுவாக வளரும். உடம்பின் வேறு இடத்துக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். சின்னதாக இருக்கும்போது முறையாக வெட்டி எடுத்தால் 95 சதவீதத்துக்கு மேல் அத்தோடு முடிந்துவிடும். பயந்து தள்ளிப்போட்டால்தான் தொல்லை. இருந்த இடத்திலேயே உள்ளே அரித்துக்கொண்டு போகும், காது, மூக்கு, கண் ஓரம் என்றெல்லாம் பார்க்காது. அப்போது அறுவை பெரிதாகும், தழும்பும் பெரிதாகும்.

இன்று குளித்துவிட்டு ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் பாருங்கள். நடுவில் சின்னப் பள்ளமும், சுற்றிலும் வரப்பு போல் மினுமினுப்பான ஓரமும் தெரிகிறதா? நம் தோலில் அந்த ஓரத்தில் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ புள்ளிகளும் பெரும்பாலும் இருக்கும். அதனாலேயே பலர் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். கூகுளில் நீங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்த படங்களாக இருந்திருக்கும், உங்கள் கன்னம் அப்படிக் காட்டாது. ஒரு ஐந்து காசு நாணயத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மகனைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அளவு தெரியும், டாக்டரிடம் காட்டவும் உதவும். ஓரம் அப்படியெல்லாம் தெரியவில்லையே என்று நிம்மதியாகி வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம். நாலு வாரத்துக்கு மேல் ஆறாத முகப்புண் எதுவானாலும் டாக்டர் பார்க்க வேண்டியது. உங்களுடையது நாலு மாதம்.

லோரி ஓட்டினேன் என்றீர்களே, அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலது பக்கம். வருஷக்கணக்கில் வெயில் வாங்கியது அந்தக் கன்னம்தான். பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு வகையைத் தடுக்கும், யுவிஏ என்ற இன்னொரு வகையை உள்ளே விட்டுவிடும்.

முதலில் பக்கத்தில் உள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு தோல் பிரிவுக்குப் போங்கள். பினாங்கு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, பாலத்தைத் தாண்டினால் ஆயிற்று. கடிதத்தில் "நாலு மாதமாக ஆறாத புண், ரத்தக் கசிவு" என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் "ஷேவிங் அலர்ஜி" என்று எழுதினால் தேதி தள்ளிப்போகும். புண் சில வாரங்களிலேயே வேகமாகப் பெரிதாகிறது, அல்லது தாடைக்கடியில் கட்டி தட்டுப்படுகிறது என்றால் தேதிக்காகக் காத்திருக்காமல் நேரே போங்கள்.

அங்கே மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அளவுக்குத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஒன்றிரண்டு தையல், அன்றே வீட்டுக்கு வரலாம். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள், எப்போதும் ஒருவர் இருப்பார். துண்டு எடுத்ததால் இந்தக் கட்டி பரவிவிடாது. எடுக்காமல் வைத்திருந்து முற்றியவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த க்ரீமை இன்றோடு விடுங்கள். ஊரிலிருந்து பெட்டிக்குள் வருகிற இந்த க்ரீம்களோடு எனக்கு நெடுநாள் பகை. பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒரே குழாயில் அடைத்திருப்பார்கள். போட்டதும் சிவப்பு அடங்கும், குணமாகிறது என்று தோன்றும். அடியில் என்ன இருக்கிறது என்பதை மறைத்துவிட்டு, மேல்தோலை மெலிய வைக்கும். கழுத்திலும் பூசியிருந்தால் குருக்களில் பாதி அதனாலேயே வந்திருக்கலாம். நிறுத்தியதும் கொஞ்ச நாள் முகம் சிவந்து அரிக்கும், அப்போது மறுபடி குழாயைத் தேடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது அதைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "ஒரு வெள்ளை க்ரீம்" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

சரி, ரேஸருக்கு வருவோம். மகன் சொன்னது நல்ல யோசனை.

கழுத்துக் குரு வருவது முடி தோலுக்குள் திரும்பி வளர்வதால். பல பிளேடு ரேஸரில் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். அது உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடும். மிச்ச முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். விளம்பரத்தில் காட்டுகிற மழமழப்பு இதுதான். சுருள் முடிக்காரர்களுக்கு அந்தக் கூரான நுனி நேராக வெளியே வராமல் பக்கவாட்டில் குத்தும். உடம்பு அதை முள் என்று நினைத்து வீங்கும், பிறகு கறுக்கும். மகன் சொல்கிற சேஃப்டி ரேஸரில் ஒரே பிளேடுதான், உங்கள் கழுத்துக்குப் பல பிளேடு ரேஸரைவிட அது நல்லது, ஏனென்றால் அது தோல் மட்டத்தோடு வெட்டி விட்டுவிடும்.

கடையில் கேட்க வேண்டியது மென்மையான வகை. பிளேடுக்குக் கீழே உள்ள தடுப்புப் பட்டை நேராக, மூடியதாக இருக்கட்டும். சீப்புப் பல் மாதிரி திறந்திருப்பது அடர்ந்த தாடிக்கு, உங்களுக்கு வேண்டாம். பட்டைக்கும் பிளேடுக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும், பிளேடு விளிம்பு அதிகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. திருகி அளவு மாற்றுகிற மாடல் வாங்கினால் மிகச் சிறிய எண்ணிலேயே வைத்திருங்கள். கொஞ்சம் கனமாக இருப்பது நல்லது, ரேஸரின் எடையே வேலையைச் செய்யும், நீங்கள் அழுத்த மாட்டீர்கள். கைப்பிடி சொரசொரப்பாக இருக்கட்டும், சோப்புக் கையில் வழுக்கக் கூடாது. இனிப்பு நீரால் விரல் நுனி மரத்திருக்கிறதா? அப்படியென்றால் அடியில் திருகினால் மேலே இரண்டு கதவாகத் திறக்கிற மாடலை எடுங்கள், விளிம்பைத் தொடாமல் பிளேடு மாற்றலாம். இடுக்கில் சோப்பு அடையும், வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். விரல் நன்றாக இருந்தால் மூன்று துண்டாகக் கழற்றும் மாடல் சுத்தம் செய்ய எளிது. மலிவான உலோகக் கலவையில் முலாம் பூசியது நம் குளியலறை ஈரத்தில் உரிந்துவிடும். பித்தளை அல்லது எவர்சில்வர் என்றால் உங்களுக்குப் பிறகு மகன் வைத்துக்கொள்ளலாம். பிளேடு ஒன்று ஒரு வெள்ளிக்கும் குறைவுதான், நாலைந்து ஷேவுக்கு ஒருமுறை மாற்றுங்கள். முடியை இழுப்பது போல் தெரிந்தால் அதற்கு முன்னாலேயே தூக்கிப் போடுங்கள்.

ஆனால் இன்றே வாங்கி நாளையே கழுத்தில் வைக்காதீர்கள். மூன்று நாலு வாரம் தாடி வளரட்டும். உள்ளே மாட்டிய முடி வளர்ந்து தானாக விடுபடும். ஓய்வில் இருக்கிறீர்கள், யாரும் கேட்கப் போவதில்லை. பொறுக்க முடியவில்லை என்றால் டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள், புண் உள்ள இடத்தைத் தொடாமல். சேஃப்டி பின் கொண்டு குருவைத் தோண்டி முடியை எடுக்கிற வழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், கறுப்புத் தழும்பு பாதி அந்த வேலையால் வருவது.

பிறகு ஷேவ் செய்யும்போது குளித்துவிட்டுச் செய்யுங்கள், ஈரத்தில் ஊறிய முடி சுலபமாக வெட்டுப்படும். கழுத்தில் விரலால் தடவிப் பார்த்தால் முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும். பலருக்குத் தொண்டைக்குக் கீழே அது மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கும். அந்தப் போக்கிலேயே இழுங்கள், எதிர்த்து வேண்டாம். தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள். பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் படும்படி கைப்பிடியைப் பிடித்துச் சின்னச் சின்ன இழுப்பாக, ஒரே தடவை. சாயங்காலம் தடவினால் கொஞ்சம் சொரசொரக்கும், சொரசொரக்கட்டும். படிகாரம் தேய்க்கலாம், தப்பில்லை. டெட்டாலை அப்படியே ஊற்றித் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தோல் வெந்துபோகும்.

எய்ட்ஸ் செய்தியை அழித்துவிடுங்கள். பார்பர் கடையில் கவனிக்க வேண்டியது கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் பி. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். நம் நாட்டில் குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி 1989-இல்தான் ஆரம்பித்தது, உங்கள் வயதுக்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை. கடைக்காரர் உங்கள் கண் முன்னால் புது பிளேடை உறை பிரித்து, பாதியாக ஒடித்துக் கத்தியில் மாட்டினால் கவலையில்லை. தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போடும்போதும் இதைக் கேட்டு வாங்குங்கள், கூட்டத்தில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கிளினிக்குக்குப் போகும் அன்றே ஹெபடைட்டிஸ் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். வீட்டிலும் நீங்களும் மகனும் ஒரே ரேஸரைப் பயன்படுத்த வேண்டாம், ஆளுக்கு ஒன்று. பழைய பிளேடுகளை ஒரு காலி மைலோ டின்னில், மூடியில் கீறல் போட்டுச் சேர்த்து வையுங்கள். வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டால் குப்பை அள்ளுகிறவரின் கையைத்தான் கிழிக்கும்.